அந்த பிரேக் ஆயிலை நான் ஊற்றவில்லை, சரவணா

சரவணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிறாய் என்று உன் பெண்டாட்டி சொன்னாள். சீட் பெல்ட் அழுத்தின இடத்தில் தோள் மட்டும் கன்றிப்போயிருக்கிறதாம், வயிற்றுப் பிள்ளையோடு நித்யா உட்கார்ந்து ஒத்தடம் கொடுக்கிறாளாம். கொடுத்து வைத்தவன்தான் நீ. இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அவள் பிரித்துப் படித்துவிடுவாள். போனில் பேசலாம் என்றால் எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, “சொல்லும்மா, நித்யாவும் பக்கத்துல இருக்கா” என்கிறாய். அதற்குமேல் நான் என்ன பேசுவது? சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். வயிறு எரிந்து எழுதுகிற கடிதத்தைக்கூட உன்னைக் காட்டிக் கொடுக்காத வழியாகப் பார்த்துத்தான் அனுப்புகிறேன், பார். இந்தப் புத்தி என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை நம் வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி, சோறு ஊட்டி, ஆரத்தி எடுத்து, பிரசவத்துக்கு வெம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். நம் தெருவில் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குக் கிளம்பின பெண்கள் பாதிப் பேர் என் வண்டியில்தான் போயிருக்கிறார்கள். “அக்கா, நீங்க ஓட்னா குலுங்காது, நீங்களே கொண்டுபோய் வுட்ருங்க” என்று முன்கூட்டியே வந்து சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்ட என் வீட்டிலிருந்து என் மருமகள் டாக்சியில் போகப் போகிறாள். அவளே போன் செய்து சொன்னாள். “அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. வெம்பாக்கம் போறதுக்கு உங்க வண்டி வேணாம். டாக்சி வெச்சிக்கலாம்.” ஏம்மா என்றேன். அழுதுகொண்டே கேட்டாள். “நீங்க ஏன் அத்தை அந்தப் பழைய பிரேக் ஆயில ஊத்தினீங்க? அவர் அவ்ளோ பாத்துப் பாத்து எல்லாம் செஞ்சி வெச்சிருந்தாராமே. அவருக்கு எதுனா ஆயிருந்தா நான் இந்தக் கொழந்தைய வெச்சிகினு என்ன பண்ணியிருப்பேன்?”

அந்த நிமிஷம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. ரேஸ் டிராக்கில் என் வண்டி பிரேக் பிடிக்காமல் போய் டயர் அடுக்கில் மோதியதற்குக் காரணம் நான் என்று நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “ஆமாம்மா, தெரியாம ஊத்திட்டேன், மன்னிச்சிக்கோ” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி தேம்பிக்கொண்டிருக்கும்போது, உன் புருஷன் பொய் சொல்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையை நிமிர்த்தாமல், “நீதான் எதையும் தூக்கிப் போட மாட்டியே, ஊத்தித்தான் இருப்ப” என்றார். இன்னாத்த ஊற்றினேன், எதில் ஊற்றினேன் என்றுகூட அவருக்குத் தெரியாது. யார் மேல் பழி என்பது மட்டும் அவருக்கு எப்போதும் ஜல்தியாகப் புரிந்துவிடும்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ நித்யாவுக்குச் சொன்ன கதையைப் பார்த்தால் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பொங்கலுக்கு வராதவன், எனக்குக் காய்ச்சல் என்றபோது வராதவன், திடீரென்று ஒரு நாள் போன் செய்தாய். “அம்மா, நம்ம வெள்ள வண்டி இருக்கா, வித்துட்டியா?” நான் இருக்கிறேனா என்று கேட்கவில்லை, வண்டி இருக்கிறதா என்று கேட்டாய். சென்னைக்குப் பக்கத்தில் ரேஸ் டிராக்கில் ஒரு நாள் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியை ஓட்டலாமாம். உன் வண்டியைத் தொடக்கூடாது என்று நித்யா சொல்லிவிட்டாள், கடன் இன்னும் முடியவில்லை. அதனால் அம்மாவின் வண்டி. நானும் வெட்கம் கெட்டவள், நீ வருகிறாய் என்றதும் மீன் வாங்கக் கிளம்பிவிட்டேன். முள்ளிப்பட்டுத் தறிகளுக்குச் சாயம் போட்ட பட்டு எடுத்துப்போக வைத்திருக்கிற வண்டி அது. அது இல்லாமல் எப்படி வேலை நடக்கும் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று பூரித்துப்போனேன்.

நீ வந்த அந்தச் சனிக்கிழமையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். சாயப்பட்டறைக்குப் பக்கத்து வாசலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, பின் சக்கரத்துக்கு நம் பழைய தறிக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினாய். முன் சக்கரத்து பிரேக் தட்டில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாய், ஓரத்தில் மேடு கட்டியிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று. புது பிரேக் பேட் வாங்கி வந்திருந்தாய். தேய்ந்துபோன பழையதையும் புதியதையும் இரண்டு கையில் வைத்துக் காட்டி, “இது ரோட்டுக்கு ஓகேம்மா. டிராக்ல போட்டா மூணாவது சுத்துலயே பொகஞ்சிரும்” என்றாய். அப்புறம்தான் பிரேக் ஆயில் பாடம் எடுத்தாய். நீ சொன்ன வார்த்தை அப்படியே என் காதில் இருக்கிறது. “இந்த ஆயிலு காத்துல இருக்கற தண்ணிய உறிஞ்சிக்கும்மா. தண்ணி சேந்துட்டா சூட்டுல கொதிச்சிரும். கொதிச்சா உள்ள ஆவி வந்துரும். அப்ப பிரேக்க மிதிச்சா கால் அப்படியே தரைக்குப் போய்ரும், வண்டி நிக்காது. அதனாலதான் தொறந்த பாட்டில வெச்சிருந்து யூஸ் பண்ணவே கூடாது.” தெளிவாகச் சொன்னாய். நன்றாகப் படிக்க வைத்திருக்கிறோம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாய். நீ சக்கரத்தின் பக்கம் ஸ்பேனரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடி மாதிரி ஒரு டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டாய். “மிதிம்மா. அப்படியே பிடி. ம், விடு.” பழைய ஆயில் காப்பித் தண்ணி நிறத்தில் வந்தது, ஊடே குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பின் சக்கரம் இரண்டும் முடித்து, முன் சக்கரம் இரண்டும் முடிக்கும்வரை அந்த மூன்று வார்த்தைதான். மிதி, பிடி, விடு. கல்யாணம் ஆனபிறகு நீ என்னோடு தொடர்ந்து அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான். கால் கடுத்தது, சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாயோ என்று பயம்.

மறுநாள் காலையில் புது பிரேக் பேடைப் பழக்க வேண்டும் என்று போளூர் ரோட்டுக்கு என்னையும் கூட்டிப்போனாய். வண்டியை விரட்டி, அழுத்தி பிரேக் பிடித்து, முழுசாக நிற்பதற்குள் விட்டு, மறுபடி விரட்டி, மறுபடி பிடித்து. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று நம்மைப் பார்த்து, “இன்னா சார், வண்டி ஓட்டக் கத்துக்கினு இருக்கியா?” என்று கேட்டார். நீயும் நானும் அப்படிச் சிரித்தோம். கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு, சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, சக்கரத்துக்கு ஒரு கல்லைத் தள்ளி வைத்தாய். எல்லாவற்றிலும் அவ்வளவு கவனம். அந்தப் பிள்ளையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கே ஒரு வேலை செய்தாய். வாங்கின ஆயிலில் பாதி பாட்டில் மிச்சம். மூடி உன் காலடியிலேயே நசுங்கிக் கிடந்தது. திறந்த பாட்டில் ஆகாது என்று பாடம் எடுத்தவன் அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டுமா இல்லையா? உனக்குக் கை வரவில்லை. எப்படி வரும்? அறுந்த பட்டைக்கூட மூட்டையில் சேர்த்து எடைக்குப் போடுகிற வீட்டில் பிறந்தவன். சின்ன வயதில் தறி அடியில் தவழ்ந்து பட்டுத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் மடியில் போடுவாய். அதே கை, பட்டறைக் கழிவு மூட்டையிலிருந்து கத்திரிப்பூ நிறப் பட்டை ஒரு பிடி எடுத்தது, உருட்டியது, பாட்டில் வாயில் திணித்தது, ஒரு நூலால் சுற்றிக் கட்டியது. நீ இடக்கைக்காரன், உன் முடிச்சு மற்றவர் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் திரும்பியிருக்கும். அதைக் கொண்டுபோய் பட்டறை அலமாரியில் சோப்பு டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாய். கச்சாப் பட்டின் பசை எடுக்க விடிந்ததிலிருந்து அண்டா கொதிக்கிற இடம் அது. சுவரில் தண்ணீர் வழியும். மழைக்காலத்தில் பட்டின் எடை கூடும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று இந்த ஊரில் பட்டு தொட்ட எல்லோருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தண்ணீர் உறிஞ்சுகிற ஆயிலுக்குத் தண்ணீர் உறிஞ்சுகிற பட்டை மூடியாகப் போட்டு, ஆவியில் கொண்டுபோய் வைத்தாயே மகனே, உலகத்தில் வேறு எவன் செய்வான் இதை!

இங்கே கொஞ்சம் நிறுத்தி உனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்த வேண்டும். உன் அப்பா காதில் விழுந்தால் குதிப்பார், விழட்டும். இந்த வண்டி வாங்கின புதிதில், நீ இரண்டாவது படிக்கும்போது, ஜவ்வாது மலைக்குப் போனோமே. ஏறும்போது நன்றாகத்தான் போனது. இறங்கும்போது அப்பா பக்கத்து சீட்டிலிருந்து, “கியர எடுத்துட்டு நியூட்ரல்ல வுடு, தானா எறங்கும். பெட்ரோல் மிச்சம்” என்றார். டிரைவிங் ஸ்கூலில் அப்படிச் சொல்லித் தரவில்லையே என்றேன். “நான் சொல்றத செய்” என்றார். செய்தேன். நாலு வளைவு தாண்டவில்லை, தீய்ந்த நாற்றம் அடித்தது. பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிக்கிற மாதிரி கால் உள்ளே போனது. அப்பா ஆஞ்சநேயரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் இஞ்சின் அலற அலற இரண்டாவது கியரில் தள்ளி, மலைப்பக்கத்து மண்சுவரில் வண்டியை உரசி உரசி நிறுத்தினேன். நம் மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பின்னால் வந்த வண்டிக்காரர்கள் இறங்கி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அப்பா சொன்னார், “கியர்ல வான்னு தலபாடா அட்சிக்கினேங்க. எங்க கேக்கறா? பொம்பள கைல வண்டியக் குடுத்தா இப்டித்தான்.” அடுத்து வந்த பஸ்ஸை நிறுத்தி, “கொழந்தைய நான் இவகிட்ட வுட முடியாது” என்று உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். வண்டி ஆறும்வரை காத்திருந்து, தனியாக, இரண்டாவது கியரிலேயே மலை இறங்கி வீடு வந்து சேர்ந்தேன். உன்னைப் பிடித்துக் கேட்டேன். “நீ பின்னாடிதான ஒக்காந்திருந்த, அப்பா நியூட்ரல்ல வுடச் சொன்னத கேட்டேல்ல?” நீ அப்பா முகத்தைப் பார்த்தாய். “நான் தூங்கிகினு இருந்தேன்” என்றாய். நீ தூங்கவில்லை, சரவணா. கண்ணாடியில் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஓட்டினேன். சின்னப் பிள்ளை, அப்பாவுக்குப் பயந்திருக்கிறான் என்று விட்டேன். ஊர் முழுக்க அவர் சொன்ன கதைதான் நின்றது, அதையும் விட்டேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் தெருவுக்கு வேடிக்கை என்று நினைத்தேன். அதைப் பார்த்து வளர்ந்த நீ என்ன கற்றுக்கொண்டாய் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இந்த வீட்டில் எது உடைந்தாலும் அம்மா தலையில் போடலாம், அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

சரி, கதைக்கு வருகிறேன். டிராக்குக்கு முந்தைய நாள் வண்டியை எடுத்துப்போக வந்தாய். மிதித்துப் பார்த்துவிட்டு, “முன்னாடி எங்கியோ கொஞ்சம் காத்து நிக்குதும்மா” என்று மறுபடி ஸ்பேனரை எடுத்தாய். நானும் மறுபடி சீட்டில் உட்கார்ந்தேன். மிதி, பிடி, விடு. மேலே ஆயில் ஊற்றுகிற டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. உனக்கு வேண்டிய ஆயில் இங்கே ஆரணியில் இல்லை, வேலூரில்தான் கிடைக்கும். “நீ இரு, நான் பஸ்ல போய்ட்டு ரெண்டு மணி நேரத்துல வாங்கியாறேன்” என்றேன். “வேணாம்மா, எனக்கு டைம் இல்ல” என்று பட்டறைக்குள் போனாய். அந்த பாட்டிலோடு வந்தாய். பட்டு அடைப்பைப் பிடுங்கி மோந்து பார்த்தாய். நான் கேட்டேனா இல்லையா? “தொறந்த பாட்டில் ஆவாதுன்னு நீதானடா சொன்ன?” நீ சொன்ன பதிலும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. “கொஞ்ச நாள்தானம்மா ஆச்சு. டைட்டாத்தான் அடச்சி வெச்சிருந்தேன். சும்மா பேஜார் பண்ணாத.” ஊற்றினாய். முன் சக்கரம் இரண்டுக்கும் அந்த ஆயில்தான் போனது. மிச்சம் கொஞ்சம் இருந்ததை மறுபடி அதே பட்டால் அடைத்து, அதே இடத்தில் வைத்தாய்.

என் பங்கு என்ன என்று நானே சொல்கிறேன். ஒரு தடவை சொன்னேன், நீ எரிந்து விழுந்ததும் வாயை மூடிக்கொண்டேன். சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கினால் நீ கோபித்துக்கொண்டு போய்விடுவாய், அப்புறம் எப்போது வருவாயோ என்று இருந்தது. பிள்ளை கோபிப்பானா பிழைப்பானா என்றால் கோபம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அதற்காக என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஊற்றினேன் என்று மட்டும் சொல்லாதே.

டிராக்கில் நடந்ததை நீதான் போனில் சொன்னாய், நித்யாவிடம் கதை மாற்றுவதற்கு முன்னால். அங்கே இருந்தவர்கள் உன் ஹெல்மெட்டைப் பார்த்தார்கள், டிக்கியில் ஸ்டெப்னியைக்கூடக் கழற்றி வைக்கச் சொன்னார்கள், பேட் எவ்வளவு கனம் என்று எட்டிப் பார்த்து நல்லது என்றார்கள். டப்பாவில் ஆயில் நிறைய இருந்தது, அது எந்த ஆயில் என்று யாருக்குத் தெரியும். முதல் தடவை நன்றாக ஓட்டினாய். இரண்டாம் தடவை, நீண்ட நேர் ரோட்டின் முடிவில், வளைவுக்கு முன்னால் மிதித்தாய், கால் தரைக்குப் போய்விட்டது. மறுபடி மறுபடி மிதித்தாய். புல்லில் இறங்கி, சரளையில் சறுக்கி, டயர் அடுக்கில் போய் மோதினாய். “அம்மா, வண்டி போச்சும்மா” என்றாய். “நீ இருக்கியாடா?” என்று கேட்டேன். “இருக்கேன்” என்றாய். சாயப்பட்டறையில் நின்றிருந்தவளுக்குக் கையில் இருந்த பட்டு நூல் சிட்டம் சாயத் தண்ணீரில் விழுந்ததுகூடத் தெரியவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்ற சந்தோஷத்தில் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். அந்தச் சந்தோஷத்தைத்தான் நீ பயன்படுத்திக்கொண்டாய்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டு ரேஸ் ஓட்டப் போகிறாயா என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். பிரேக்கெல்லாம் பக்காவாகச் செய்திருக்கிறேன், பயப்படாதே என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறாய். திரும்பி வந்து, “நான்தான் கெட்டுப்போன ஆயிலை ஊற்றினேன்” என்று நீ சொன்னால் இனிமேல் உன் வார்த்தையை அவள் நம்ப மாட்டாள். அதனால் உன் மேல் இருக்கிற நம்பிக்கை போகாமல் இருக்க என் மேல் இருக்கிற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டாய். வண்டி நசுங்கினதற்கு நான் அழவில்லை. ரேடியேட்டர், பம்பர், முன் விளக்கு எல்லாம் மாற்றியாகிவிட்டது. “கொழந்தை பொறந்தப்புறமும் அந்த வண்டில ஏத்த மாட்டேன் அத்தை” என்று போனை வைப்பதற்கு முன்னால் அவள் சொன்னாளே, அதற்குத்தான் அழுதேன். மலையில் பஸ் ஏறும்போது உன் அப்பா சொன்ன அதே பேச்சு. அன்றைக்கு என் பிள்ளையை என்னிடம் விட முடியாது என்றார்கள், இன்றைக்கு என் பேரப்பிள்ளையை. இரண்டு தடவையும் நான் செய்யாத தப்புக்கு.

பிரேக்கை என்ன செய்தேன் என்று கேட்பாய். ஒர்க்ஷாப்பில் பக்கத்திலேயே நின்று, இருந்த ஆயில் அத்தனையையும் வெளியே எடுக்க வைத்து, சீல் பிரிக்காத புது பாட்டில் ஊற்ற வைத்தேன். வெளியே எடுத்த பழையதை மெக்கானிக் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டப் போனேன், அதெல்லாம் அங்கே கொட்டக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார். நேற்று யாரிடமும் சொல்லாமல் ஜவ்வாது மலைக்குப் போனேன். மேலே ஏறி ஒரு டீ குடித்துவிட்டு, இரண்டாவது கியரில் இறங்கினேன். அந்த மண்சுவர் இப்போது இல்லை, சிமெண்டு போட்டுவிட்டார்கள். அந்த வளைவில் பிரேக்கை அழுத்தினேன், கல் மாதிரி நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். பயமாக இல்லை. கோபம்தான் வந்தது, இத்தனை வருஷம் கழித்து, அவ்வளவு கோபம்.

வீட்டுக்கு வந்து பட்டறை அலமாரியைப் பார்த்தேன். அந்த பாட்டில் இருக்கிறது. கத்திரிப்பூ நிறப் பட்டு, எதிர்ப்பக்கம் திரும்பின முடிச்சு, அடியில் ஒரு விரற்கடை ஆயில். அதை நித்யாவிடம் காட்ட மாட்டேன், பயப்படாதே. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு முன்னால் அவள் புருஷனைத் தலைகுனிய வைக்கிற அளவுக்கு நான் போகவில்லை. ஆனால் தூக்கியும் போட மாட்டேன். நம் வீட்டில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லை.

அப்பன் ஆகப் போகிறாய், அதனால் சொல்கிறேன். உன் பிள்ளையும் ஒரு நாள் உன் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும், தூங்காமல். நீ பெண்டாட்டியிடம் என்ன சொல்கிறாய், வெளியே இறங்கி மற்றவர்களிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும். “நான் தப்பு செய்தேன்” என்று அவளிடம் ஒரு தடவை சொன்னால் உன் தலை ஒன்றும் போய்விடாது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். சொல்லாவிட்டால், அடுத்த தப்பை யார் தலையில் போடுவது என்று தேடிக்கொண்டே இருப்பாய். நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்? எனக்கப்புறம் நித்யா தலைதான் பக்கத்தில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என் வண்டி வாசலில் நிற்கும். கழுவி, பூ வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிற்கும். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். தெருவே நின்று பார்க்கும். நீ உள்ளே போய் அவளிடம் இரண்டு நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்து, பின் கதவைத் திறந்து உட்கார வை. வேறெதுவும் வேண்டாம், என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம். வெம்பாக்கம்வரை குலுங்காமல் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு.

முடியாது என்றால் டாக்சிக்கு நீயே போன் செய். அதையும் அம்மாதான் வரச் சொன்னாள் என்று அவளிடம் சொல்லிவிடாதே.

அம்மா